இளநிலை மாணவர்களின் ஆய்வு: எங்கள் படிப்பகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் படிப்பகத்துக்கு ஞாயிறு மாலைகளில் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். அறிவியல், வணிகவியல், வரலாறு, சமூகப்பணி என்று பல துறையினர். பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். டிசம்பர் வந்தால் ஆய்வு, ப்ராஜெக்ட் என்ற பேச்சு தொடங்கிவிடும். ஒவ்வோர் ஆண்டும் அதே சந்தேகங்கள் வருவதால் விடைகளை எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். எண் இட்டிருப்பது, சொன்னதையே மறுபடி சொல்லாமல் முந்தைய விடையைச் சுட்டுவதற்காக.

1. அக்கா, பி.எஸ்சி. படிக்கும்போதே ஆராய்ச்சியா? அதெல்லாம் பிஎச்.டி. படிப்பவர்கள் செய்வதில்லையா?

ஆய்வை அவர்களுக்கு மட்டும் யாரும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. சுப்பிரமணியன் சந்திரசேகர் நம் மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் மாணவராக இருந்தபோதே, 1929ல், லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. அவர் மேதை, நாங்கள் அப்படியா என்பீர்கள். சரி, மேதைகளை விட்டுவிடுவோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மார்கரெட் மெக்விகார் 1969ல் ஒரு திட்டம் தொடங்கினார். இளநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் ஆய்வுகளில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் திட்டம். இன்று பல நாடுகளில் இது வழக்கமாகிவிட்டது.

உலகம் அறியாத உண்மையை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. இதுவரை ஒருவரும் எண்ணிப் பார்க்காத ஒன்றை ஒழுங்காக எண்ணுங்கள். எப்படி எண்ணினீர்கள் என்பதை, இன்னொருவர் அதையே திரும்பச் செய்யும் அளவுக்குத் தெளிவாக எழுதுங்கள். இளநிலைக்கு அது போதும்.

2. கடைசிப் பருவத்தில் ப்ராஜெக்ட் என்று ஒன்று வைக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றாக இருக்கலாம், பல நேரம் இருப்பதில்லை. விடை முன்பே தெரிந்த ஒன்றுக்கு அறுபது பக்கம் எழுதி, காலிகோ பைண்டிங் செய்து, பொன்னிற எழுத்தில் பெயர் பொறித்து வைத்தால் அது ப்ராஜெக்ட், அவ்வளவுதான். சில ஜெராக்ஸ் கடைகளில் ஆயத்த ப்ராஜெக்டே விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு போனவரைப் பிடிக்க வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி போதும்: “இந்த எண் எங்கிருந்து வந்தது?”

3. நான் பி.காம்., என் தோழி வரலாறு. எங்களுக்கு ஆய்வகமே கிடையாதே?

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவிடம் தண்டல் (நாள்தோறும் வசூலிக்கும் கடன்) கணக்கைக் கேட்டிருக்கிறீர்களா? பத்தாயிரம் என்று எழுதி, ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் பத்து சதவீதம் போலத் தெரியும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 78 சதவீதம். வங்கிக் கடன் கிடைக்கும் இடத்திலும் இதை ஏன் வாங்குகிறார்கள், எந்த மாதத்தில் வாங்குகிறார்கள், எதற்கு? பி.காம். மாணவிக்கு இதைவிட நல்ல ஆய்வகம் எங்கே கிடைக்கும்?

வரலாற்றுத் தோழிக்குப் பெரம்பூர் இருக்கிறது. பின்னி ஆலை என்று நாம் சொல்லும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, பி.பி. வாடியா அதன் தலைவர். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் அது ஒன்று. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்னும் புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். பிறகு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும், 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் போய்ப் பழைய அறிக்கைகளோடும் செய்தித்தாள்களோடும் ஒப்பிடுங்கள். நினைவும் தாளும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே உங்கள் ஆய்வு தொடங்கும்.

4. தலைப்பே கிடைக்கவில்லை. நல்ல தலைப்பாக ஒன்று சொல்லுங்களேன்?

முதலில் தலைப்பைத் தேடுவதால்தான் கிடைப்பதில்லை. “வடசென்னையில் காற்று மாசு: ஓர் ஆய்வு” என்று பெரிதாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். இதில் கேள்வி எங்கே? மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் காற்றைத் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இப்போது இப்படிக் கேளுங்கள்: ஜனவரியில் மணலியில் நுண்துகள் எந்த மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகிறது? ராயபுரத்திலும் அதே நேரம்தானா? போகியன்று விடிகாலையில் எந்த இடத்தில் அதிகம் கூடுகிறது? 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன வரம்பு 15. எதை அளவுகோலாக எடுத்தீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். கருவி நின்றுபோன நேரங்களில் கட்டம் காலியாக இருக்கும். அதைச் சுழியம் என்று போட்டுச் சராசரி எடுத்துவிடாதீர்கள். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் செய்கிறார்.

விலங்கியல் மாணவர்களுக்கு எண்ணூர் கழிமுகத்தில் காக்கா ஆழி காத்திருக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சிப்பி வகை இது. சேற்றின்மேல் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்து, இறாலும் மட்டியும் வாழ்ந்த தரையை மூடிவிடுகிறது என்று மீனவர்கள் சொல்கிறார்கள். அரை மீட்டர்ச் சதுரச் சட்டம் ஒன்றைக் குழாயில் செய்து, பத்து இடங்களில் வைத்து எண்ணினாலே ஒரு பருவத்துக்கான வேலை ஆகிவிடும்.

எந்தக் கேள்வியானாலும் நான் மூன்றைத்தான் பார்ப்பேன். பஸ்ஸில் போய்வர முடிகிறதா? ஒரு பருவத்துக்குள் முடியுமா? விடை இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம் என்ற நிலை இருக்கிறதா? மூன்றாவது இல்லையென்றால் 2ஆம் விடைக்குத் திரும்புங்கள்.

5. பேராசிரியரிடம் போய் எப்படிக் கேட்பது? “எனக்கு நேரமில்லை” என்று அனுப்பிவிடுகிறார்.

வெறுங்கையோடு போய் “சார், ஏதாவது தலைப்பு கொடுங்கள்” என்றால் அப்படித்தான் அனுப்புவார். கேள்வி, எங்கே, எப்போது, எப்படி அளப்பீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பக்கத்தைத் திருத்தித் தர மறுக்கும் ஆசிரியர் குறைவு. அவரும் மறுத்தால் பக்கத்துத் துறையில் கேளுங்கள். மீன் விற்பனையைப் பற்றிய கேள்விக்குப் பொருளியல் ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் உதவலாம்.

6. எங்கள் ஆய்வகத்தில் பியூரெட், பிப்பெட் தவிர ஒன்றும் இல்லை. அதை வைத்து என்ன செய்வது?

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கலாம். 1888ல் விங்க்லர் என்ற வேதியியலாளர் சொன்ன முறைக்கு அவையே போதும். 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் குமிழி நுழையாமல் தண்ணீரை நிரப்பி, கரையில் நின்றபடியே மாங்கனீஸ் சல்பேட்டையும், காரம் கலந்த அயோடைடு கரைசலையும் விட்டு மூடிவிட வேண்டும். கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டுக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினால் வழியிலேயே அளவு மாறிவிடும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் படிவு இறங்கும். இல்லையென்றால் வெள்ளை. பக்கிங்காம் கால்வாயின் கருத்த தண்ணீரில் இதைச் செய்யும்போது பாட்டிலின் அடியில் பழுப்பா, வெள்ளையா என்று பாருங்கள். டைட்ரேஷனுக்கு (பியூரெட்டிலிருந்து துளித்துளியாக விட்டு அளப்பதற்கு) முன்பே கால்வாயின் நிலை தெரிந்துவிடும். ஆய்வகத்துக்கு வந்தபின் அமிலம் சேர்த்து, தயோசல்பேட்டால், ஸ்டார்ச்சின் நீலம் மறையும்வரை டைட்ரேட் செய்தால் எண் கிடைக்கும்.

அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் இடத்தில் சல்பைடு இருக்கும். அது அளவைக் குறைத்துக் காட்டும், ஆகவே நாற்றத்தையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கையுறை போடாமல் இறங்கக் கூடாது. தனியாகப் போகவும் கூடாது.

7. கோடை விடுமுறையில்தான் நேரம் கிடைக்கும். அப்போது காசிமேட்டில் கணக்கெடுக்கலாமா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். விசைப்படகில் வரும் மீனை எடைபோடுவது உங்கள் திட்டமென்றால் அந்த இரண்டு மாதமும் வீண். தடைக்காலத்தில் குடும்பங்கள் எதை வைத்து ஓட்டுகின்றன, ஃபைபர் படகுகளில் வரும் மீனின் விலை எப்படி ஏறுகிறது என்பது கேள்வியானால் அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. 3ஆம் விடையில் சொன்ன தண்டல் கணக்கும் இந்த மாதங்களில் வேறு மாதிரி இருக்கும்.

தண்ணீர் ஆய்வுக்கும் இது பொருந்தும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைநீர் கலந்திருக்கும். அப்போது எடுத்த மாதிரியை மே மாதத்து மாதிரியோடு அப்படியே ஒப்பிட முடியாது.

8. எத்தனை பேரைக் கேட்டால் போதும்? நூறு பேர் போதும் என்று சீனியர் சொன்னார். இணையத்தில் 384 என்று இருக்கிறது.

அந்த 384 வானத்திலிருந்து விழவில்லை. மக்கள் தொகை பெரிதாக இருந்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தால், 95 சதவீத நம்பிக்கையோடு கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் பிழைக்குள் விடை நிற்க அத்தனை பேர் வேண்டும். நூறு பேர் என்றால் பிழை ஏறத்தாழ 10 சதவீதம். “பாதிப் பேர் ஆம் என்றார்கள்” என்றால் உண்மை 40க்கும் 60க்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. சில கேள்விகளுக்கு அதுவே போதும்.

ஆனால் கூகுள் படிவத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டு 384 பேரைச் சேர்த்தால் அது குலுக்கல் ஆகாது. உங்கள் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும்தான் இருப்பார்கள். நான்கு தெருக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்தாவது வீடு ஐந்தாவது வீடாகக் கதவைத் தட்டிச் சேர்த்த எண்பது பேர், அந்தத் தெருக்களைப் பற்றிச் சொல்ல இதைவிட நம்பத் தகுந்தவர்கள். பூட்டிக் கிடந்த வீடுகளையும் கணக்கில் எழுதுங்கள்.

9. அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரம் கேட்டால் நாளை வா, நாளை வா என்கிறார்கள்.

ஏற்கெனவே வெளியிட்ட தரவாக இருந்தால் அலுவலகத்துக்கே போக வேண்டாம். மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, தேசியக் குடும்ப நல ஆய்வு, தொழிலாளர் ஆய்வு எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பைப் பயன்படுத்தினால் அது எவ்வளவு பழையது என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வெளியிடாததாக இருந்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய், விடை தர 30 நாள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. விடை வரவில்லையென்றால் முதல் மேல்முறையீடு. பருவம் தொடங்கிய வாரத்திலேயே மனுவை அனுப்பிவிடுங்கள். “ஏன்”, “எதனால்” என்று கேட்காமல், இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். விளக்கம் எழுதித் தரும் கடமை அவர்களுக்கு இல்லை.

10. எண்ணூரில் ஒரு குப்பத்துக்குப் போனோம். “இன்னும் எத்தனை பேர் கேள்வித்தாளோடு வருவீர்கள்” என்று திட்டி அனுப்பிவிட்டார்கள்.

நியாயமான கோபம். 2017 ஜனவரி 28ல் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது வந்தார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்தபோதும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் யாராவது குறிப்பேட்டோடு வந்து, “மூச்சுத் திணறியதா, வருமானம் எவ்வளவு” என்று கேட்டுப் போயிருக்கிறார்கள். என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து சொன்னவர்கள் குறைவு. நேரமும் அவர்களுடையது, துயரமும் அவர்களுடையது, பட்டம் மட்டும் நம்முடையது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

முதல் முறை போகும்போது கேள்வித்தாளை எடுத்துப் போகாதீர்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் மகளிர் குழுவிடமும் என்ன படிக்கிறீர்கள், எதற்குக் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இதனால் நிவாரணமோ வேலையோ வராது என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதிகாரிகள் என்று நினைத்துப் பதில் சொல்பவர்கள் உண்டு. முன்பே வந்தவர்கள் கேட்ட கேள்வியென்றால் அவர்களுடைய அறிக்கையைத் தேடிப் படித்துவிட்டு, அதில் இல்லாததை மட்டும் கேளுங்கள். வலை இழுக்கும் நேரத்திலும் குடிநீர் லாரி வரும் நேரத்திலும் போகாதீர்கள். எதற்கும் பதில் சொல்ல மறுக்கலாம், பாதியில் எழுந்து போகலாம் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுங்கள்.

முடிந்தபின் இரண்டு பக்கத்தில் தமிழில் சுருக்கி எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுங்கள். “இது தப்பு, ஆடியில் நாங்கள் அங்கே போவதே இல்லை” என்று யாராவது திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தோடு கல்லூரியில் சமர்ப்பியுங்கள். நான் பார்த்த நல்ல ஆய்வுகள் எல்லாம் இந்த இரண்டாவது பயணத்தில்தான் தேறின.

11. பெயரை மாற்றிவிட்டால் போதும்தானே?

போதாது. “அந்தத் தெருவில் நண்டு வியாபாரம் செய்யும் விதவை” என்று எழுதினால் பெயரே வேண்டாம், தெருவே சொல்லிவிடும். வயதைப் பத்தாண்டு வரம்பாக எழுதுங்கள், தெருவை எடுத்துவிடுங்கள். கடன் தொகையையும் கந்துவட்டிக்காரர் பெயரையும் ஒரே தாளில் வைக்காதீர்கள். புகைப்படத்துக்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும்.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் பேசப் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். உடல்நலம் பற்றிய ஆய்வென்றால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ல் வெளியிட்ட நெறிமுறைகள் பொருந்தும். களத்துக்குப் போகும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை.

12. நாங்கள் நினைத்தது வரவில்லை. மணலியைவிட வேறு இடத்தில் மாசு அதிகமாக வந்துவிட்டது. எண்ணை மாற்றவா?

மாற்றவே கூடாது. 4ஆம் விடையின் மூன்றாவது சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்: விடை எப்படியும் வரலாம் என்றுதானே தொடங்கினீர்கள்? காற்றடிக்கும் திசை, நிலையம் நிற்கும் இடம், காலிக் கட்டங்கள் என்று காரணங்களைச் சரிபாருங்கள். சரிபார்த்தபின்னும் அப்படியே வந்தால் அதையே எழுதுங்கள். எதிர்பாராத விடையோடு வந்த மாணவரிடம் தேர்வாளர் கூடுதலாகக் கேள்வி கேட்பார், உண்மைதான். அளந்தவருக்கு விடை தெரியும்.

13. ஏஐ வைத்து எழுதலாமா? நகலைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் பத்து சதவீதத்துக்குள் வந்தால் தப்பில்லையாமே?

அந்தப் பத்து சதவீதம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் வருவது. அதுவரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடரும் கணக்கில் வராது. மற்றவர் கருத்தை வேறு சொற்களில் எழுதி, பெயர் சொல்லாமல் விட்டால் மென்பொருளுக்குத் தெரியாது, திருட்டு திருட்டுதான்.

ஏஐயிடம் ஆங்கிலக் கட்டுரையின் கடினமான பத்தியை விளக்கச் சொல்லலாம். மேற்கோள் பட்டியல் கேட்டால் பிறக்காத ஆசிரியர்களையும் வெளிவராத கட்டுரைகளையும் கூசாமல் கொடுக்கும். நீங்கள் திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். மக்களிடம் பதிவு செய்த பேட்டிகளை அதில் ஏற்றினால் 11ஆம் விடையில் சொன்னபடி அவர்கள் அடையாளத்தைக் காப்பது போயிற்று. எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள்.

14. “உங்கள் கட்டுரையை மூன்றே நாளில் வெளியிடுகிறோம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்” என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. போடலாமா?

வேண்டாம். இன்னொரு ஆய்வாளர் படித்துக் குறை சொல்லாமல் மூன்று நாளில் வருவது கட்டுரை அல்ல, ரசீது. அந்த இதழில் எழுதியவர்களில் யாரையாவது உங்கள் ஆசிரியருக்குத் தெரியுமா, பழைய இதழ்களைத் திறந்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஏற்கத்தக்க இதழ்கள் இவை என்று மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. “கேர் அங்கீகாரம் பெற்ற இதழ்” என்று இப்போதும் விளம்பரம் செய்தால் அதுவே எச்சரிக்கை. கல்லூரிக் கருத்தரங்கில் சுவரொட்டியாக வைத்து, நாலு பேர் கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்வது இதைவிட உதவும்.

15. தமிழில் எழுதினால் மதிப்பெண் குறையுமா?

உங்கள் பாடத்திட்டம் எந்த மொழியை அனுமதிக்கிறது என்பதைத் துறைத் தலைவரிடம் கேளுங்கள். ஆங்கிலத்தில்தான் என்றாலும் களக் குறிப்பைத் தமிழில், அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

16. பணம் கிடைக்கும் கோடைகாலத் திட்டங்கள் உண்டா? எனக்குப் பகுதிநேர வேலையை விட முடியாது.

உண்டு. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் இருக்கும் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து இரண்டு மாதக் கோடை ஆய்வு உதவித்தொகை தருகின்றன. முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்கு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய காலத் திட்டம் 1979 முதல் இருக்கிறது. தகுதியையும் தொகையையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

வேலையை விட முடியாதவர்களுக்கு இரண்டு மாதம் வெளியூர் என்பது பேச்சுக்குக்கூட ஆகாது, தெரியும். 4ஆம் விடையின் காற்றுத் தரவு போன்றவை இரவு ஒன்பது மணிக்கும் கைப்பேசியில் திறக்கும். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை என்றால், அங்கேயே ஒரு கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். முதலாளிக்குத் தெரியாமல் வாடிக்கையாளர் விவரத்தை மட்டும் தொடாதீர்கள்.

17. நான்காண்டு படித்தால்தான் ஆராய்ச்சிப் பட்டம் என்கிறார்களே?

மானியக் குழுவின் 2022 வரைமுறைப்படி, முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வைத் தேர்ந்தெடுக்கலாம். நம் பக்கத்து அரசுக் கலைக் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம்தான். முதுநிலைக்குப் போகும்போது இளநிலையில் செய்த ஆய்வைப் பற்றிப் பேச முடிந்தால் நேர்காணலில் அதற்கு மதிப்பு உண்டு.

18. எங்கள் தண்ணீர் ஆய்வைப் பார்த்துவிட்டுத் தெருக்காரர்கள் அதை வைத்து மாநகராட்சியில் மனு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கலாம். முதலில் வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். கல்லூரியின் பெயர் தாளில் இருந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எந்த நாளில், எத்தனை இடத்தில், என்ன முறையில் எடுத்தது என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். உங்கள் பாட்டிலில் வெள்ளைப் படிவு இறங்கியது என்றால் அந்த இடத்தில், அந்த நேரத்தில் ஆக்சிஜன் இல்லை என்று மட்டும் பொருள். எந்த ஆலை கலந்தது, யாருக்கு எந்த நோய் வந்தது என்று அது சொல்லாது. தெருவில் யாராவது அப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லா எண்களையும் தூக்கி எறிந்துவிடும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மனுவில் கையெழுத்துப் போடுவது தெருக்காரர்கள். நீங்களும் அதே தெருவில் வசிப்பவரென்றால் குடியிருப்பவராகப் போடலாம். மனுவோடு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மறுபரிசோதனை செய்யும்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கிவைத்துக்கொண்டு, 30 நாளில் பதில் வராவிட்டால் 9ஆம் விடையில் சொன்ன பத்து ரூபாய் மனுவை எழுதுங்கள்.